பாண்டி மியூசியத்தில் முதலில் ஓட்டுச்சில்லு, பிறகு கட்டில்

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர் பாரதி பூங்கா வரை வந்துவிட்டு, அதை ஒட்டி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழையாமலே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். நுழைகிறவர்களும் இருபது நிமிடத்தில் வெளியே வந்து "பழைய கட்டில், பல்லக்கு, உடைஞ்ச பானை, அவ்வளவுதான்" என்கிறார்கள். குறை அவர்களுடையது மட்டுமில்லை. இது சின்ன மியூசியம். விளக்கப் பலகைகள் பொருளின் பெயரையும் காலத்தையும் சொல்லும், அது ஏன் முக்கியம் என்று சொல்லாது. ஒலிவழிகாட்டி, பெரிய திரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து போனால் இரண்டு மணி நேரம் போதாது. தெரியாமல் போனால் இருபது நிமிடமே அதிகம்.

எப்போது போவது

திங்கள்கிழமை விடுமுறை. அரசு விடுமுறை நாட்களிலும் பூட்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆகஸ்ட் 15 விடுமுறை என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் 16ஆம் தேதியும் புதுச்சேரியில் விடுமுறை. பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அதுபோல, நிர்வாகம் கைமாறிய 1954 நவம்பர் 1ஐ ஒட்டி ஒவ்வொரு நவம்பர் 1ஆம் தேதியும் விடுமுறை. நீண்ட வார இறுதி என்று கணக்குப் போட்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்து நிற்பதற்குள் காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், காலை 10 மணிக்கு வாசலில் இருப்பது நல்லது. 1 மணிக்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். சாப்பாட்டு வேளையை நம்பிப் போக வேண்டாம். சனி, ஞாயிறுகளில் பக்கத்து மணக்குள விநாயகர் கோயில் கூட்டமும் ஒயிட் டவுன் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்து வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் வருகிறவர்கள் "மியூசியம்" என்று சொல்வதைவிட "பாரதி பூங்கா, கவர்னர் மாளிகை பக்கம்" என்றால் சுற்றாமல் வருவார்கள். கார் என்றால் ஒருவழித் தெருக்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துவிடுவதே வேகம்.

நுழைவுக் கட்டணம் சிறியது. அதனாலேயே ஐந்நூறு ரூபாய் தாளை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாட வேண்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். உள்ளே போய் போனைத் தூக்கிய பிறகு காவலர் சொல்லி இறக்குவது இருவருக்கும் சங்கடம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பென்சில், கோடு போடாத நோட்டு. பொருட்களுக்குப் பக்கத்தில் மைப் பேனாவைத் திறப்பதைப் பல மியூசியங்களில் விரும்ப மாட்டார்கள், பென்சிலை யாரும் ஆட்சேபிப்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கிட்டப் பார்வைக் கண்ணாடியை மறக்கவே கூடாது. இங்கே பார்க்க வேண்டியதில் பாதி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவுள்ளது. நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது வேலைக்கு ஆகாது. அந்த லென்ஸ் பொருளிலிருந்து சுமார் 2.5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் தெளிவாகக் காட்டும், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எட்டாது. வைத்திருந்தால், கிட்டத்தில் குவியும் ஒற்றைக்கண் தொலைநோக்கி நன்றாகப் பயன்படும்.

இன்னொரு சின்ன விஷயம், சட்டை. வெளிர் நிறச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்துப் பொருளை மறைக்கும். அடர் நிறச் சட்டை போட்டு, கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, டியூப்லைட் பிரதிபலிக்கும் பக்கம் உள்ளங்கையைத் தூக்கி மறைத்தால் போதும். கண்ணாடியைத் தொட வேண்டாம்.

முதல் சுற்று: பதினைந்து நிமிடம், எங்கும் நிற்காமல்

நுழைந்ததும் முதல் பெட்டியிலேயே நின்று ஒவ்வொரு பலகையாகப் படிக்க ஆரம்பிப்பதுதான் எல்லாரும் செய்வது. பாதி தூரத்தில் கண் களைத்துவிடும், நல்ல பொருட்கள் வரும்போது கால் வெளியே இழுக்கும். அதற்குப் பதில் முழு மியூசியத்தையும் ஒரு நடை நடந்துவிடுங்கள். அரிக்கமேடு என்ற பழைய துறைமுக ஊரில் தோண்டியெடுத்தவை உள்ள பெட்டிகள் எங்கே, செப்புத் திருமேனிகள் எங்கே, பிரெஞ்சுக்கால மரச்சாமான்கள் எங்கே, முற்றத்தில் என்ன கற்சிலைகள் என்று மட்டும் நோட்டில் ஒரு சின்ன வரைபடம் போடுங்கள். பிறகு திரும்பி வாருங்கள். அரிக்கமேட்டுக்கு 45 நிமிடம், திருமேனிகளுக்கு அரை மணி, பிரெஞ்சு அறைக்கு அரை மணிக்குச் சற்றுக் குறைவு. சங்கு, சிப்பி, பாறைகள் எல்லாம் நேரம் மிஞ்சினால்.

அரிக்கமேடு: இங்கேதான் நிற்க வேண்டும்

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் காக்காயன்தோப்பை ஒட்டியது அரிக்கமேடு. 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு 'பொதுகே' என்று சொல்லும் துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து. 1930களில் ழூவோ துப்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த மேட்டின் அருமையை எடுத்துச் சொன்னார். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ஆம்போரா என்ற மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாடியின் துண்டு ஒன்றைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் புதுச்சேரிக்கு வந்தவர், இங்கே பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு மெருகு பூசிய இத்தாலிய ஓடுகளைக் கண்டார். மறுவருடமே அகழாய்வு. அதற்குப் பின் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால், 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி தலைமையிலான குழு தோண்டினார்கள். அலமாரியில் கிடந்த உடைந்த ஓட்டை ஒருவர் கவனித்துப் பார்த்ததிலிருந்துதான் இவ்வளவும் தொடங்கியது.

பெட்டியின் முன் நின்று மூன்று வகை ஓடுகளைப் பிரித்து அடையாளம் காணுங்கள். இதைச் செய்யாமல் நகர வேண்டாம்.

ஒன்று, அரிட்டைன். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர் பெயரால் வந்தது. சிவப்பு மெருகு, மெல்லிய ஓடு, விளிம்பு கூர்மையாகத் திருத்தமாக இருக்கும். அடிப்பகுதித் துண்டு என்றால் உட்புறத்தில் குயவர் பட்டறையின் முத்திரை எழுத்து இருக்கிறதா பாருங்கள். 'விபியே', 'இட்டா' போன்ற முத்திரைகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

இரண்டு, ஆம்போரா. கப்பலில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் ஏற்றிவந்த இருகாது சாடி. தடித்த ஓடு, சொரசொரப்பு. முழுச் சாடியாக எதிர்பார்க்காதீர்கள், காதும் கழுத்தும் கூர்ந்த அடியும்தான் அடையாளம். காது இரண்டு தண்டுகளை ஒட்டவைத்ததுபோல் நடுவில் பள்ளத்தோடு இருந்தால் அது கிரேக்கத்தின் காஸ் தீவு வகை, மதுச் சாடி. உட்புறம் கருத்துத் தெரிந்தால் அழுக்கென்று ஒதுக்காதீர்கள். மது கசியாமலிருக்கப் பூசிய மரப்பிசினாக இருக்கலாம்.

மூன்று, ரௌலட்டட். தட்டையான, ஆழமில்லாத பெரிய தட்டு, சாம்பல் அல்லது கருப்பு, தொடாமலே வழுவழுப்பு தெரியும். விளிம்பு பறவை அலகுபோல் உள்நோக்கி வளைந்திருக்கும். உள்அடியில் வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு வெட்டுக்கள் ஓடும், முக்கோணமாக, பிறையாக, புள்ளியாக. வீலர் காலத்தில் இதையும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்ததென்றே எண்ணினார்கள். மண்ணைச் சோதித்தபோது இந்தியாவில் செய்ததென்று தெரிந்தது. இதே வகை ஓடு இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் வரை கிடைத்திருக்கிறது. ஆக, ஒரு பெட்டிக்குள் மேற்கேயிருந்து வந்ததும் கிழக்கே போனதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இந்த மூன்றையும் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தென்னிந்தியாவில் மண்ணுக்கடியில் கிடைக்கும் ஓட்டுக்கு வயது சொல்ல வீலர் காலத்தில் நம்பகமான வழியே இல்லை. அரிட்டைன் ஓட்டுக்கு மட்டும் இத்தாலியிலேயே காலம் தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரை. அந்த ஓடு கிடந்த மண்ணடுக்கில் ரௌலட்டட் ஓடும் கிடந்தது. ஆகவே ரௌலட்டட் ஓட்டுக்கும் ஒரு காலம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அரிட்டைனே இல்லாத மற்ற ஊர்களின் அடுக்குகளுக்கும் வயது சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு இந்த உள்ளங்கையளவு சில்லுகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் மிகையில்லை. பிறகு வந்த பெக்லி குழு, ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கே குடியிருப்பும் வணிகமும் இருந்தன என்று காட்டி வீலரின் கணக்கைத் திருத்தியது. அதனால் "ரோமானியர் கட்டிய துறைமுகம்" என்று யாராவது வழிகாட்டி சொன்னால் தலையாட்டாதீர்கள். இங்கிருந்தவர்களின் ஊருக்கு அவர்கள் சரக்கோடு வந்தார்கள்.

*விளிம்புத் துண்டிலிருந்து தட்டின் அகலம் கண்டுபிடிப்பது*

பிள்ளைகளோடு போனால் இது நல்ல வேலை. விளிம்புத் துண்டின் இரு முனைகளுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து வளைவு அதிகபட்சம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்றும் பாருங்கள். முதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டாவது எண்ணின் நான்கு மடங்கால் வகுத்து, வந்ததோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் முழு விட்டம் வரும். 10 சென்டிமீட்டர் நீளத் துண்டு, 1 சென்டிமீட்டர் வளைவு என்றால் 100ஐ 4ஆல் வகுத்து 25, அதோடு 1, மொத்தம் 26 சென்டிமீட்டர். ரௌலட்டட் தட்டுக்கு இது சரியான அளவு. 6 சென்டிமீட்டர் துண்டில் 1.5 சென்டிமீட்டர் வளைவு என்றால் 7.5தான் வரும், அது தட்டில்லை, சின்னக் கிண்ணமோ கழுத்தோ.

ஸ்கேலைக் கண்ணாடியின் மேல் வைத்து அளந்தால் கணக்கு தப்பும். ஸ்கேல் கண்ணுக்குப் பக்கத்தில், ஓடு தள்ளி, ஆக ஓடு சிறிதாகத் தெரியும், விட்டமும் குறைவாக வரும். பெட்டிக்குள்ளேயே அளவுகோல் வைத்திருந்தால் அதை வைத்துக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் கண்மதிப்பே மேல். வளைவைப் பார்ப்பதில் அரை சென்டிமீட்டர் தவறினால் விட்டம் பாதியாகக்கூட மாறிவிடும், அதனால் நீளமான துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

*மணிகள்*

ஓடுகளுக்கு அடுத்து மணிகள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், கருப்பு என ஒரே நிறக் கண்ணாடி மணிகள், பெரும்பாலும் கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவு. உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீண்ட குழலாக இழுத்து, அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, மறுபடி சூடுகாட்டி விளிம்பை மழுக்குவார்கள். ஆந்திரத்தின் பாபநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை நீடித்தது. இழுத்த மணியா, கம்பியில் சுற்றிய மணியா என்று அறிய ஒரே சோதனை போதும். கண்ணாடிக்குள் இருக்கும் நுண்ணிய குமிழும் கோடும் துளையின் திசையிலேயே நீண்டிருந்தால் இழுத்தது. துளையைச் சுற்றி வளைந்திருந்தால் சுற்றியது.

கல்மணிகளில் சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், பளிங்கு இவற்றைத் தேடுங்கள். பளபளக்கும் முழு மணியைவிட மதிப்புள்ளது முடிக்காமல் விட்ட மணி. சில்லடித்து உருவம் மட்டும் கொடுத்தது, துளை பாதியில் நின்றது, துளைக்கும்போது பிளந்தது. முழு மணி எங்கிருந்தும் வாங்கிவந்ததாக இருக்கலாம். பாதியில் கெட்டுப்போன மணியை யாரும் கப்பலேற்றிக் கொண்டுவரமாட்டார்கள், பட்டறை இங்கேயே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அகழாய்வில் கிடைத்த அத்தனையும் இந்த மியூசியத்தில்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தோண்டியவர்கள் பலர், பொருட்களும் பல ஊருக்குப் போயின. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அரிக்கமேட்டுப் பொருட்கள் உண்டு.

செப்புத் திருமேனிகள்

பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் சிலையைப் பாருங்கள், காலத்தை நீங்களே ஊகியுங்கள், பிறகு பலகையைப் படியுங்கள். சோழர் காலத்தின் முற்பகுதித் திருமேனிகளில் உடம்பு மெலிந்து, தோளும் இடுப்பும் இழைந்து போகும். நகைகள் குறைவு, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். முகத்தில் கூர்மை இருக்காது. விஜயநகரக் காலத்துக்கு வந்தால் மூக்கு கூராகும், மூட்டுகள் இறுகும், ஆபரணம் அடர்ந்து உடம்பைவிட்டு எழுந்து நிற்கும். பத்துச் சிலைகளில் இப்படிப் பழகினால் ஏழெட்டு சரியாக வரும். தவறுகிறவை பெரும்பாலும் இடைப்பட்ட காலத்தவை.

சுவரை ஒட்டி வைக்காத சிலை என்றால் பின்புறம் போய்ப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், அதன் கீழ் தோளில் விழும் சடைப்புரிகள். முன்பக்கம் பூசையிலும் அபிஷேகத்திலும் தேய்ந்து வழுக்கியிருக்கும், பின்பக்கம் சிற்பியின் உளிவேலை கூர்மை மாறாமல் இருக்கும். பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால், அது வீதியுலா வந்த உற்சவர். வளையத்தில் தண்டு கோத்துக் கட்டித் தூக்குவார்கள். பீடத்தின் இருபக்கமும் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள், சிலையைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியைச் செருகுவதற்கு. திருவாசி தொலைந்து முளை மட்டும் மிஞ்சிய சிலைகளைப் பார்க்கும்போது, அந்த உருவம் தீவட்டி வெளிச்சத்தில் பட்டும் பூவும் சுற்றித்தான் ஊராருக்குத் தெரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். இப்படி மேனி முழுவதும் தெரிய அதைப் பார்த்தவர்கள் அர்ச்சகரும் ஸ்தபதியும்தான்.

ஒரு சிலை எந்தக் கோயிலுடையது என்று தெரிய வேண்டுமென்றால் அதற்கும் வழி இதே தெருவில் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயி வீதியில்தான். தென்னிந்தியக் கோயில் சிலைகளைப் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு அவர்களுடையது. வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட சிலைகள் எந்த ஊர்க் கோயிலுடையவை என்று நிறுவ அந்தப் படங்கள் சாட்சியாகியிருக்கின்றன. சும்மா எட்டிப்பார்க்கும் இடமல்ல அது. ஆய்வுத் தேவை இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

பிரெஞ்சு அறையும் அந்தக் கட்டிலும்

கூட்டம் நிற்கும் இடம் இது. செதுக்கு வேலைப்பாட்டுக் கட்டில், நாற்காலிகள், கண்ணாடி, கடிகாரம், பீங்கான், பல்லக்கு. தூப்ளே படுத்த கட்டில் என்று காட்டுவார்கள். கட்டில் அழகுதான். ஆனால் அதன் முன் நிற்கும்போது ஒரு தேதியை மனத்தில் வையுங்கள்: 1761 ஜனவரி. தூப்ளே 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னர். அவர் போன ஏழாவது ஆண்டில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டுப் பிடித்து, கோட்டையையும் வெள்ளைக்காரர் குடியிருப்பையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படமெடுக்கும் மஞ்சள் சுவர்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ஆகவே 1761க்கு முந்தியது என்று சொல்லப்படும் எந்த மரச்சாமானைப் பார்த்தாலும் "இது அந்த இடிபாட்டில் எப்படித் தப்பியது, யார் வீட்டிலிருந்து இங்கே வந்தது" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் நல்ல கதை. கிடைக்காவிட்டால் கட்டிலை வேலைப்பாட்டுக்காகப் பாருங்கள், பெயருக்காக வேண்டாம்.

தூப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தவர், அதே 1761 ஜனவரியில் காலமானார். ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்றும் நிற்கிறது. கீழே தேக்குத் தூண், மேலே சுண்ணாம்புச் சாந்துத் தூண் என்று இரண்டு கட்டடப் பாணி ஒரே வீட்டில். நினைத்தபோது நுழைய முடியாது, அனுமதி வேண்டும். வெளியிலிருந்தாவது பார்த்துவிடுங்கள்.

கட்டிலைவிட நேரம் கொடுக்க வேண்டியது புஷ்புஷ் வண்டிக்கு. ஒருவர் அமர்ந்து முன்னால் இருக்கும் பிடியால் தானே திசை திருப்ப, ஆள் பின்னாலிருந்து தள்ளும் வண்டி. நம் ஊர் கைரிக்‌ஷாவில் இழுப்பவர் முன்னால், இதில் தள்ளுபவர் பின்னால். துரையின் கண்ணில் தள்ளுகிறவர் படவே மாட்டார். பல்லக்கோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்து நகரத்தில் யார் உடம்பு யாரைச் சுமந்தது என்று விளங்கும்.

காசுகள் இருக்கும் பெட்டியில் சின்னச் செப்புக்காசுகளைத் தேடுங்கள். பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட துட்டுக்களில் ஒருபக்கம் அரச முத்திரையான லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று ஊர்ப்பெயர். சந்தையில் கீரை வாங்கும் காசில் மன்னர் மொழி வேலைக்கு ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்து தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள், மேடு தெரியும்.

காவலரிடமும் அலுவலகத்திலும் எப்படிக் கேட்பது

"இது என்ன?" என்று கேட்டால் பலகையில் இருப்பதைத்தான் படித்துச் சொல்வார்கள். "அண்ணே, அரிக்கமேட்டுப் பொருள் வேற எங்கேயாவது வச்சிருக்கீங்களா?", "இந்தச் சிலை எந்தக் கோயில்லேருந்து வந்துச்சுன்னு பதிவு இருக்குமா?" என்று குறிப்பாகக் கேட்டால், தெரிந்தவரிடம் அனுப்பிவைப்பார்கள். பல வருடமாக அங்கேயே இருக்கும் ஊழியர்களுக்குப் பலகையில் இல்லாத விஷயம் தெரியும். ஆனால் அவர்கள் சொல்வதில் பதிவு எது, கேள்விப்பட்டது எது என்று நோட்டில் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள், ஆய்வாளர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கவோ அளக்கவோ படமெடுக்கவோ விரும்பினால் வாய்மொழியில் கேட்டுப் பயனில்லை. கல்லூரித் துறைத்தலைவர் கடிதத்தோடு, எந்தெந்தப் பொருள், எத்தனை மணி நேரம், என்ன நோக்கம் என்று எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். "அரிக்கமேட்டுப் பொருட்கள் அனைத்தும்" என்று எழுதிய விண்ணப்பம் கிடப்பில் போகும். "ரௌலட்டட் விளிம்புத் துண்டுகள், பத்து" என்று எழுதியது நகரும்.

வெளியே வந்த பிறகு

பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம், எதிரே கவர்னர் மாளிகை. அங்கிருந்து கடற்கரைச் சாலைக்கு ஐந்து நிமிட நடை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. மியூசியத்தில் கல்சிலைகளைப் பார்த்த கண்ணோடு அவற்றின் அடியில் உள்ள உருவங்களைப் பார்த்தால் பாதியாவது அடையாளம் தெரியும். சற்றே தள்ளி 1836ஆம் ஆண்டுப் பழைய கலங்கரை விளக்கம். மாலை 6 மணிக்கு மேல் இந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், நடப்பதற்கு அதுதான் நேரம்.

அரிக்கமேட்டுக்கு அதே நாள் மதியம் போவது சிரமம். வெயில் தாழ, 4 மணிக்குக் கிளம்புங்கள். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலம் தாண்டி இடதுபுறம் காக்காயன்தோப்பு, வீராம்பட்டினம் பக்கம் திரும்ப வேண்டும். ஆட்டோ என்றால் போக வரப் பேசி, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். திரும்ப வண்டி அங்கே சுலபத்தில் கிடைக்காது. மழை பெய்திருந்தால் செருப்பு சேற்றில் மாட்டும், ஷூ போடுங்கள். தண்ணீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

போனதும் மாந்தோப்புக்கு நடுவே உயர்ந்து நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்த்து "ரோமானியர் கட்டடம்" என்று படமெடுப்பார்கள். அது 18ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மிஷன் கட்டடத்தின் இடிபாடு. வீலரும் கசாலும் தோண்டிய குழிகளை மூடியாயிற்று, மண்ணும் புல்லும் ஆறும்தான் மிச்சம். மேட்டின் ஓரத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள், வடக்கேயும் தெற்கேயும் மண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள், கப்பல் சரக்கு எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம். மியூசியத்தில் சில்லுகளை முதலில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கே இந்த வெறும் மேடு ஏதாவது சொல்லும், வரிசையை மாற்றினால் அலுப்புத்தான்.

மழைக்குப் பிறகு மணிகளும் ஓடுகளும் மண்ணுக்கு மேல் கிடப்பதுண்டு. இது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம், எடுத்துப் பையில் போடுவது குற்றம். விற்க வரும் சிறுவர்களிடம் வாங்குவதும் அதே வகையில்தான் சேரும். கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படமெடுத்து, நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வித்தியாசமான பொருளாகத் தெரிந்தால் அந்தப் படத்தை அங்கிருக்கும் காவலரிடமோ மறுநாள் மியூசிய அலுவலகத்திலோ காட்டுங்கள்.